இரண்டாவது காதுகுத்து

புதிதாகச் சேரப்போகும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. புனேவில் வேலை. வீடு மாறும் செலவுக்கு ரசீதுகளை அனுப்பினால் முதல் சம்பளத்தோடு சேர்த்துத் தந்துவிடுவார்களாம். முதல் சம்பளம் வரும்வரை அந்தச் செலவை யார் செய்வது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. படித்து முடித்தபோது என் கை தானாகக் காது மடலுக்குப் போயிருந்தது. எங்கள் வீட்டில் முன்பு ஒருமுறை இதே கேள்வி வந்தபோது விடையாகக் கிடைத்தவை என்னுடைய இரண்டு காதுகள்தான்.

எனக்கு இரண்டு முறை காது குத்தியிருக்கிறார்கள். முதல் முறை பதினோரு மாதத்தில், இருக்கன்குடி அம்மன் கோயிலில். வயிற்றுப்போக்கில் நான் துவண்டு கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டாளாம். பிழைத்து எழுந்ததும் தூக்கிக்கொண்டு போய் மொட்டையடித்து, மாமா மடியில் உட்காரவைத்துக் காதையும் குத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். கூடப் போனவர்கள் மொத்தம் ஐந்து பேர். இரண்டாவது முறை ஒன்பது வயதில், எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில், மைக்செட் கட்டி, பத்திரிகை அடித்து, ஊரையே கூட்டிவைத்துக் குத்தினார்கள். அதற்குக் காரணம் ஓசூர்.

அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். காலண்டரும் டைரியும்தான் அங்கே முக்கிய வேலை. ஆடிப்பெருக்கில் புது வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி முடியும்வரை அவர் முகத்தை வீட்டில் பார்க்க முடியாது. தை பிறந்துவிட்டாலோ அவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது, சம்பளமும் பாதியாகிவிடும். இப்படி ஓடிக்கொண்டிருந்தவருக்கு ஓசூரில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. வருஷம் முழுக்கச் சம்பளம், பி.எஃப்., கம்பெனி பஸ். புது மெஷின் ஆவணியில் வந்து இறங்குகிறது, ஆவணி கடைசிக்குள் சேரவேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்பா சந்தோஷமாக இருந்தது இரண்டு நாள். மூன்றாம் நாள் அம்மா தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தாள். ஓசூர் வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். சாமான் ஏற்ற லாரி வேண்டும். பாதி வருஷத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளப் புதுப் பள்ளிக்கூடம் தனியாகக் கேட்டது. கம்பெனியிலோ ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த மாதத்திலிருந்துதான் கையில் தருவார்கள். ஆக இரண்டு மாதம் எதைத் தின்பது என்பதுதான் தாளின் கடைசி வரி. அம்மாவின் நகைகள் ஏற்கெனவே பாங்கில் இருந்தன. வட்டிக்கு வாங்கினால் ஓசூர்ச் சம்பளத்தை வட்டிக்காரரிடம் நேரே கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கலாம் என்றாள் அம்மா. அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, நிலத்தை விற்கலாமா என்று வாயெடுத்தார். அவருக்கும் அத்தைக்கும் பொதுவில் மூன்று ஏக்கர் மானாவாரி இருந்தது.

அத்தைக்கு யோசனை உதித்தது அந்த நிமிஷத்தில்தான். அவள் அப்பாவுக்கு மூத்தவள், அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், எங்கள் வீட்டு விஷயம் எதுவும் அவள் இல்லாமல் முடிவானதில்லை. நிலப் பேச்சை அப்படியே நடுவில் நிறுத்தினாள்.

"ஏலே, இந்தச் சுத்துப்பட்டியில நீ மொய் எளுதாத வீடு உண்டா? கல்யாணத்துக்குப் பெறகு ஒன் வீட்டுல ஒரு விசேசம் வச்சிருக்கியா?"

வைக்கவில்லை. பத்து வருஷமாக அப்பா ஊரார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு எல்லாவற்றுக்கும் போய் மொய் எழுதிவிட்டு வந்திருந்தார்; திருப்பி வாங்க எங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. சொந்த வீடு கட்டவில்லை, ஆகவே பால் காய்ச்சவில்லை. பிள்ளையும் ஒன்றே ஒன்று. அத்தை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பெண்பிள்ளைக்கென்று இன்னொரு விசேஷம் உண்டு. அதற்கு நான் வளரவேண்டும், அதுவரை ஓசூர் மெஷின் காத்திருக்காது. கடைசியில் அவள் கண் என் காதில் வந்து நின்றது. அதில்தான் குத்தியாயிற்றே என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"பத்திரிக்க அடிக்காத காதுகுத்து ஒரு காதுகுத்தா?" என்றாள் அத்தை.

அதோடு பேச்சு முடிந்தது. நிலத்தை விற்கும் யோசனையும் அன்றோடு முடிந்தது என்பதைப் பிறகுதான் எல்லாரும் கவனித்தார்கள்.

பத்திரிகைக்குச் செலவில்லை. அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய காலண்டர் அட்டைகளின் பின்பக்கத்தில் அப்பாவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். திருப்பிப் பார்த்தால் பழைய கண்ணன் படத்தின் துண்டுகள். சில வீடுகளுக்குக் கண்ணனின் பாதம் போயிற்று, சில வீடுகளுக்குப் புல்லாங்குழல், எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருக்கு வெண்ணெய்ப் பானை. ஆடியில் விசேஷம் வைக்க முடியாது என்பதால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் நாள் குறித்திருந்தார்கள்.

ஆனி மாதக் கடைசியில் என் கம்மலைக் கழற்றினார்கள். ஒரு மாதத்தில் காது தூர்ந்துவிடும் என்று அத்தை சொன்னாள். யாராவது கேட்டால் எனக்குக் காதே குத்தவில்லை என்று சொல்லவேண்டும் என்று அம்மா என்னிடம் இருக்கன்குடித் தாய்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வெளியே தெரிந்தால் யாரும் வரமாட்டார்கள், வராவிட்டால் பணம் சேராது, சேராவிட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடும். நான் இதை முழுதாக நம்பினேன். அப்பாவின் வேலையே என் வாய்க்குள் இருப்பது போல உதட்டை இறுக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன்.

ஆனால் எனக்கென்று தனியாக ஒரு கவலை இருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், தூர்ந்த காதைத் திரும்பக் குத்தினால் முதல் தடவையைவிட இரண்டு மடங்கு வலிக்கும் என்றும், அவள் சித்திக்கு ஆசாரி ஊசியை வைத்துச் சுத்தியலால் அடித்தார் என்றும் சொன்னாள். அப்பா வேலை பெரியதுதான். என் காது அதைவிடப் பெரியதாகத் தெரிந்தது. இரண்டு கருப்பட்டி மிட்டாய்க்கு அவளே வழியும் சொன்னாள். காலையில் முதல் மணி அடித்ததும் விளக்குமாற்றுக் குச்சியை நறுக்கி இரண்டு காதிலும் செருகிவிடுவாள். கடைசி மணிக்கு எடுத்துவிடுவாள். முன்னால் தலைமுடி இருந்ததால் டீச்சருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனால் அம்மா என் காதை மடக்கி மடக்கிப் பார்த்து, இது ஏன் இன்னும் தூரவில்லை என்று கவலைப்பட்டு, மஞ்சளை இழைத்து அடைப்பாள். மறுநாள் காலை நாங்கள் அதைக் குச்சியால் குத்தி எடுப்போம். ஒன்றரை மாதம் அம்மாவும் நானும் ஒரே ஓட்டையில் எதிரெதிராக வேலை பார்த்தோம்.

மாமாவிடம் சொல்லவேண்டிய வேலை அம்மா தலையில் விழுந்தது. மாமா அவளுக்குத் தம்பி, பட்டாசு ஆலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். தாய்மாமன் என்றால் சீர் கொண்டுவரவேண்டும். முதல் காதுகுத்துக்கும் அவர்தான் கொண்டுவந்திருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மாமா நின்றபடியே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மருமகளே, ஒனக்கு மொத்தம் எத்தன காது?"

இரண்டு என்றேன். நல்லவேளை என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். எவ்வளவு செலவாகும், எங்கிருந்து வரும் என்றெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் பேச எதுவும் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

விசேஷத்தன்று மாமா ஆலை வேனிலேயே வந்து இறங்கினார். கூடவே வேனில் தினமும் போகிற பெண்கள், ஆளுக்கொரு சீர்த்தட்டோடு. பட்டுப்பாவாடை, பழம், வெல்லம், சின்னப் பெட்டியில் தங்கக் கம்பி. எங்கள் பக்கத்தில் வெடிக்குப் பஞ்சமில்லை என்பதால் கூடத்து வாசலில் சரம் வெடித்து முடியவே கால் மணி நேரம் ஆயிற்று. கிடா வெட்டவில்லை. சாம்பார், கூட்டு, பாயசம். கறிச்சோறு இல்லாத காதுகுத்தா என்று பந்தியில் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. கேட்டும் கேட்காதது போல அத்தை பாயசத்தை இரண்டாம் தரம் ஊற்றினாள்.

மாமா மடியில் என்னை உட்காரவைத்தார்கள். ஒன்பது வயதுப் பெண் மடியில் உட்கார்ந்ததும் அவர் முகமே எனக்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஆசாரி காது மடலில் சந்தனத்தைத் தொட்டு வைத்தார். விரலால் இடது காதைத் தடவியவர் அப்படியே நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயத்தில் அன்று காலையும் குச்சியைச் செருகியிருந்தேன். வலதை எடுத்தவள் இடதை எடுக்க மறந்திருந்தேன்.

ஆசாரி நகத்தால் அந்தக் குச்சியை மெதுவாக உருவி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். ஓசூர் போயிற்று என்றே நினைத்தேன்.

"ஆசாரியே, புள்ள பயப்படுது. சட்டுனு முடிங்க," என்றார் மாமா.

ஆசாரி குச்சியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தங்கக் கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. ஒன்றரை மாதப் பயம் ஒரு நொடியில் விட்டுப்போனதில் நான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அழுதால்தான் மேளம் உயரும். மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. மாமா என் பின்னாலிருந்து, அழு மருமகளே என்று கிசுகிசுத்தார். வரவில்லை. என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். நான் போட்ட கத்தலில் மேளம் எழும்பியது, முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊரையே ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டு வருஷமாக என் காதில் கம்மலைப் பார்த்துப் பழகிய ஊர் அது. முன்வரிசையில் கண்ணைத் துடைத்தவர்களில் ஒருத்தி மளிகைக் கடைக்காரம்மா. போன பொங்கலுக்கு நான் தொலைத்த திருகாணியைத் தன் கடை வாசலில் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். இதெல்லாம் எனக்கு அன்று ஞாபகமே வரவில்லை.

காது குத்தி முடிந்ததும் என்னை யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் மொய் மேசைக்குப் போய்விட்டது. ரேஷன் கடையில் எடை போடுகிறவருக்குக் கையெழுத்து அழகு என்பதால் அவர்தான் எழுதினார். ஒவ்வொரு பெயரும் தொகையும் மைக்கில் வாசிக்கப்பட்டது. நான் பட்டுப்பாவாடையோடு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கையில் அப்பாவின் பழைய டைரி இருந்தது. அச்சகத்தில் விற்காமல் மிஞ்சிய டைரி. யார் வீட்டுக்கு எவ்வளவு எழுதினோம் என்று அப்பா பத்து வருஷமாக அதில் குறித்து வைத்திருந்தார். எனக்குக் கணக்குப் பிடிக்கும். மைக்கில் பெயர் வரும்போதெல்லாம் டைரியில் அந்தப் பெயரைத் தேடினேன்.

மளிகைக் கடைக்காரம்மா இருநூற்று ஐம்பத்தொன்று. டைரியிலும் இருநூற்று ஐம்பத்தொன்று. தலைமையாசிரியர் நூற்றொன்று. டைரியிலும் அதுவே. இரண்டு விசேஷத்துக்கு அப்பா எழுதிய வீட்டுக்காரர் இரண்டையும் கூட்டிச் சரியாக எழுதியிருந்தார். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, ஒரு ரூபாய் குறையவும் இல்லை. அத்தை வீட்டு மொய்யும் டைரியோடு அச்சாகப் பொருந்தியது. எங்கள் ஊர் மொத்தமும் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தப்பு செய்தவர் ஒரே ஒருவர்தான். மாமா கல்யாணத்துக்கு அப்பா எழுதியது ஆயிரத்தொன்று. மைக்கில் ஆயிரத்தைந்நூற்றொன்று என்று வாசித்தார்கள். நான் டைரியைத் தூக்கிக்கொண்டு மாமாவைத் தேடி ஓடினேன். அவர் வாசலில் வேன் பெண்களுக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒங்க கணக்கு ஆயிரத்தொண்ணுதான். ஐநூறு கூட எளுதிட்டீக."

அவர் டைரியைப் பார்க்கவில்லை. என் காதில் சந்தனம் வழிந்திருந்ததைத் துண்டால் துடைத்துவிட்டார்.

"தெரியும் மருமகளே. மிச்சம் அங்கனயே கெடக்கட்டும்."

மறுநாள் காலை அப்பா மொய் நோட்டையும் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பணம் போதும் என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. வீட்டு முன்பணம், லாரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் வந்திருந்தது. ஆனாலும் அப்பா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். திருப்பத் திருப்ப வேகம் குறைந்தது. அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"எல்லாரும் சரியா எளுதிட்டாக," என்றார் அப்பா.

"ஒங்க அக்காவுமா?"

"அக்காவுந்தான்."

அம்மா கரண்டியோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். கேட்ட பணம் முழுதாக வந்த வீட்டில் ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த வாரமே கிளம்பினோம். பெங்களூருக்கு லேபிள் லோடு ஏற்றிப்போகும் லாரியில் பாதி இடத்தை மாமா பேசிப் பிடித்திருந்தார். கட்டில், பீரோ, அண்டா, என் சைக்கிள். தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டியதும் அவர்தான். ஊரில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம். அத்தை தன் வாசலில் நின்று, பார்த்துப் போங்க என்றாள்.

ஓசூரில் அப்பா சொன்ன நாளில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் சம்பளத்துக்கு முந்தின பத்து நாள் மட்டும் கை நன்றாகவே கடித்தது. அம்மா தனியாக முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாயில்தான் அந்தப் பத்து நாளும் அரிசி வாங்கினோம். அது எந்த ஐந்நூறு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கும், எத்தனையோ காது குத்தியிருப்பார்கள். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. தபாலில் வந்தவை எல்லாம் மாமா வீட்டுப் பத்திரிகைகளே: அவர் பையன் காதுகுத்து, அவர் பெண் சடங்கு, அவர் கட்டிய இரண்டு அறை வீட்டின் பால்காய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் அப்பா லீவு போட்டுப் போய், முதல் முறை அந்த ஐந்நூற்றைத் திருப்பி, எல்லா முறையும் மேலே தானும் கொஞ்சம் சேர்த்து எழுதிவிட்டு வந்தார். அப்படித்தான் எழுதவேண்டும் என்று எனக்குத் தெரிய இன்னும் சில வருஷம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் வாங்கிய மொய்யைத் திருப்பும்போது மேலே ஏதாவது சேர்ப்பார்கள். சேர்த்ததைத் திருப்பித் தர அவர்கள் வரவேண்டும், அவர்கள் சேர்ப்பதைத் திருப்ப நாம் போகவேண்டும்; இப்படியே போக்குவரத்து இருக்கும். வாங்கியதை மட்டும் சரியாக எழுதிவிட்டால், உனக்கும் எனக்கும் தீர்ந்தது என்று அர்த்தம். ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓசூருக்குப் போகிறவனிடம் யார் புதுக்கணக்குத் தொடங்குவார்கள்? அத்தைமேல் மட்டும் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

புனே விஷயத்தை அம்மா மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். நேற்று மதியம் போன் வந்தது. மருமகளே, இன்னொருக்கா குத்தக் காதுல எடம் இருக்கா என்று கேட்டார். சிரித்தேன். பணம் எவ்வளவு வேண்டும் என்று அடுத்துக் கேட்டபோது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஓசூருக்குக் கிளம்பிய அன்று லாரியில் நான் டிரைவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன், அப்பா ஜன்னல் ஓரம். ஊர் எல்லை தாண்டியதும் டைரியை மடியில் விரித்துவைத்து, மாமா தப்பாகக் கொடுத்த ஐந்நூற்றைச் சம்பளம் வந்ததும் மணியார்டரில் அனுப்பிவிடவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். இவ்வளவு பெரிய ஊரில் எல்லாருக்கும் கணக்கு வருகிறது, மாமா ஒருத்தருக்குத்தான் வரவில்லை, பாவம் என்றேன். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"ஆமா. அவனுக்கு மட்டும் வரல."